வெளியே விடப்பட்டவர்களும் வெளியே நின்றவர்களும்: ஒரு ஓய்வூதியச் சட்டத்தின் கதை

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேச்சு எங்கேயோ தொடங்கி ஈ.பி.எப். பக்கம் போய்விட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கச்சி, "சம்பளத்தில எட்டு வீதம் வெட்டுறாங்கள், அது எங்க போகுது?" என்று கேட்டாள். நாங்கள் விளக்கம் சொல்லி முடிக்கவில்லை, இன்னொருவர் குறுக்கே புகுந்தார்: "அப்ப எங்கட கோயில் ஐயாவுக்கு ஈ.பி.எப். இருக்கா? சேர்ச்சில இருக்கிற ஃபாதருக்கு? வீட்டில பாத்திரம் கழுவ வாற அக்காவுக்கு?" கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

மூன்று பேரும் விடிய எழும்பி வேலை செய்கிறார்கள். ஆனால் மூன்று பேரையும் 'தொழிலாளி' என்று சொல்ல வாய் வருவதில்லை. ஒன்று இறைபணி, மற்றது உதவி. சட்டமும் அப்படித்தான் யோசிக்கும். யார் தொழிலாளி, யார் இல்லை என்று ஒரு சட்டம் கோடு கிழிக்கும் நாளில், அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்களின் எழுபதாவது வயது தீர்மானமாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியோடு நாங்கள் வாசிக்கத் தொடங்கியது அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாற்றை. காரணம் எளிது. 1935இல் வந்த அந்தச் சட்டம் யார் யாரை வெளியே விட்டது, பிறகு ஒவ்வொருவரும் எப்படி உள்ளே வந்தார்கள், யார் வரமாட்டேன் என்று நின்றார்கள் என்பதெல்லாம் ஐம்பது வருடங்களுக்கு மேலாக வெளிப்படையாகவே விவாதிக்கப்பட்டிருக்கின்றன. அதில் வயல் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், போதகர்களும் இருக்கிறார்கள், கன்னியாஸ்திரிகளும் இருக்கிறார்கள். மூன்று குதிரைகளும் இருக்கின்றன.

22 டொலர் 54 சதம்

முதுமைக்கு அரசாங்கம் பொறுப்பு என்ற எண்ணம் அமெரிக்காவில் பிறந்ததல்ல. ஜேர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1889இலேயே தொழிலாளர்களுக்கான முதுமைக் காப்புறுதி வந்துவிட்டது. அமெரிக்கா அப்போது அதைத் தேவையென்று நினைக்கவில்லை. உழைத்தவன் சேமிப்பான், சேமிக்காதவனைப் பிள்ளைகள் பார்ப்பார்கள், பிள்ளைகள் இல்லாதவனை ஊர் பார்க்கும். அதுதான் நம்பிக்கை.

1929இல் தொடங்கிய பெருமந்தம் அந்த நம்பிக்கையை உடைத்தது. வங்கிகள் மூடின, சேமிப்புகள் போயின. வேலையில்லாத பிள்ளைகளால் தாய் தகப்பனைப் பார்க்க முடியவில்லை. கலிபோர்னியாவில் பிரான்சிஸ் டவுன்சென்ட் என்ற வயதான டொக்டர், அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டொலர் கொடுக்க வேண்டும் என்று ஒரு திட்டத்தைச் சொன்னார். கணக்குப் பார்த்தவர்கள் இது நடக்காது என்றார்கள். ஆனாலும் நாடு முழுக்க அவருக்குச் சங்கங்கள் முளைத்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஏதாவது செய்தே ஆகவேண்டிய நிலை. அவருடைய தொழில் அமைச்சர் பிரான்சிஸ் பெர்கின்ஸ், அமெரிக்க அமைச்சரவையில் இடம்பிடித்த முதல் பெண், சட்டத்தை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1935 ஓகஸ்ட் 14ஆம் திகதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

சட்டத்தின் மூளை இதுதான்: இது தருமம் அல்ல, நீ கட்டிய காசு. 1937 தொடக்கம் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு வீதமும் முதலாளியிடமிருந்து ஒரு வீதமும் வாங்கினார்கள். அறுபத்தைந்து வயதில் மாதாமாதம் பணம். ஏன் இப்படிச் செய்தார்கள்? தருமம் என்றால் அடுத்த அரசாங்கம் நிறுத்திவிடும். தான் கட்டிய காசு என்றால் ஒவ்வொருவரும் அதற்காகச் சண்டை பிடிப்பார்கள். ரூஸ்வெல்ட்டுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

முதலாவது மாதக் காசோலை 1940 ஜனவரி 31ஆம் திகதியிட்டது. வெர்மொன்ட் மாநிலத்தின் லட்லோ என்ற சிறிய ஊரில், சட்டத்தரணி அலுவலகம் ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐடா மே புல்லர் என்ற அம்மாவுக்குக் கிடைத்தது. தொகை 22 டொலர் 54 சதம். மூன்று வருடத்தில் அவர் கட்டியது மொத்தம் 24 டொலர் 75 சதம். அவர் நூறு வயதுவரை வாழ்ந்து 1975இல் இறந்தார். அதற்குள் அவர் பெற்றது 22,888 டொலர்களுக்கும் மேல். திருமணம் செய்யாத, பிள்ளைகள் இல்லாத ஒரு பெண் முப்பத்தைந்து வருடம் யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தார் என்பதைத்தான் நாங்கள் இந்தக் கணக்கில் பார்க்கிறோம்.

சல்லடையின் ஓட்டைகள்

சரி, அந்த அம்மா உள்ளே வந்துவிட்டார். வெளியே நின்றவர்கள் யார்?

1935ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்களைத்தான் சேர்த்தது. விவசாயக் கூலிகள் இல்லை. வீட்டு வேலை செய்பவர்கள் இல்லை. சுயதொழில் செய்பவர்கள் இல்லை. மத, தரும, கல்வி நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் இல்லை. மொத்தத்தில் உழைத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளியே.

தென் மாநிலங்களின் பருத்தி வயலிலும் வெள்ளையர் வீட்டுக் குசினியிலும் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். அதனால் கறுப்பினத் தொழிலாளர்களில் சுமார் 65 வீதமானோர் இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. 1935இலேயே சிவில் உரிமைச் சட்டத்தரணி சார்ள்ஸ் ஹியூஸ்டன் செனட் குழுவின் முன்னால் போய் இதைச் சொன்னார். பெரும்பாலான கறுப்பர்கள் விழுந்துபோகும் அளவுக்கு ஓட்டைகள் வைத்த சல்லடை இது என்பதுதான் அவருடைய வாதம்.

ஏன் அப்படி விட்டார்கள் என்பதில் இன்றும் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை. தென் மாநில அரசியல்வாதிகள், தங்கள் வயல் கூலிகளுக்கு வேறொரு வருமானம் கிடைத்தால் மலிவான உழைப்புப் போய்விடும் என்று பயந்து தடுத்தார்கள் என்பது ஒரு பக்கம். லட்சக்கணக்கான குசினிகளிலும் வயல்களிலும் போய் வரி அறவிடுவது நடைமுறையில் கஷ்டம் என்று திறைசேரிச் செயலாளர் மோர்கென்தோ சொன்னதால்தான் விட்டார்கள் என்பது மறுபக்கம். வெளியே விடப்பட்டவர்களில் எண்ணிக்கையில் வெள்ளையர்கள்தான் அதிகம் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். எங்களுக்கு இரண்டும் சேர்ந்துதான் நடந்திருக்கும் என்று படுகிறது. 'நிர்வாகக் கஷ்டம்' என்ற சாட்டு எப்போதும் பலமில்லாதவன் தலையில்தானே விழுகிறது? கஷ்டமென்றாலும் பலமுள்ளவனுக்கு ஒரு வழி கண்டுபிடிப்பார்கள்.

1950இல்தான் ஒரே இடத்தில் நிரந்தரமாக வேலை செய்த வயல் தொழிலாளர்களும் வீட்டுப் பணியாளர்களும் உள்ளே வந்தார்கள். 1954இல் விதிகளை இன்னும் தளர்த்தினார்கள். பதினைந்து, இருபது வருடத் தாமதம். 1935இல் ஐம்பது வயதாக இருந்த ஒரு சமையல்கார அம்மாவுக்கு அது ஒரு முழு வாழ்க்கை.

போதகர் வேலைக்காரரா?

மதகுருமார் வெளியே நின்ற கதை வேறு. அவர்களை யாரும் கீழே தள்ளவில்லை. அரசாங்கம் கோயிலுக்குள் கை வைக்கக்கூடாது என்ற மரியாதைதான் அவர்களை வெளியே நிறுத்தியது. அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் அரசையும் மதத்தையும் பிரித்து வைக்கிறது. திருச்சபையிடம் முதலாளி வரி வாங்கினால், அது திருச்சபைக்கு வரி விதிக்கும் முதல் படியாகிவிடும் என்று பயந்தார்கள்.

பெரிய சபைகளிடம் ஏற்கெனவே சொந்த ஏற்பாடுகள் இருந்தன. பிரெஸ்பிட்டேரியன் சபை 1717இலேயே, அமெரிக்கா என்ற நாடே பிறப்பதற்கு முன்னால், போதகர்களுக்கும் விதவைகளுக்கும் உதவ ஒரு நிதி தொடங்கியிருந்தது. எப்பிஸ்கோப்பல் சபையின் ஓய்வூதிய நிதி 1917இல் தொடங்கியது. ஆனால் நாட்டுப்புறத்துச் சின்னச் சபையின் போதகருக்கு இது ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் மிஷன் வீட்டைப்போல அவர் சபை கொடுத்த வீட்டில் இருப்பார். சம்பளம் கொஞ்சம், காணிக்கையும் மரக்கறியும் கோழியும் மீதி. ஓய்வுபெறும் நாளில் வேலை மட்டுமல்ல, வீடும் போய்விடும். அடுத்த போதகர் வரவேண்டுமே.

1950இல் தரும நிறுவனங்கள் விரும்பினால் தங்கள் ஊழியர்களைச் சேர்க்கலாம் என்று சட்டம் மாறியது. அதாவது சேர்ச்சின் கணக்கெழுதுபவரும் காவலாளியும் சேரலாம். பீடத்தில் நிற்பவர் சேர முடியாது. 1954இல் அந்தக் கதவையும் திறந்தார்கள், ஆனால் வித்தியாசமான ஒரு வழியால். போதகர் விரும்பினால் தனி ஆளாகப் பதிந்து சேரலாம். சபைக்கு அவர் ஊழியராக இருந்தாலும், இந்த வரிக்கு மட்டும் அவர் 'சுயதொழில் செய்பவர்'. இந்தக் குழப்பம் இன்றுவரை தொடர்கிறது. வருமான வரிக்கு ஊழியர், சமூகப் பாதுகாப்பு வரிக்குச் சுயதொழிலாளி.

இதன் விலை சின்ன விலை அல்ல. இன்று ஒரு சாதாரண ஊழியரின் சம்பளத்தில் 7.65 வீதம் வெட்டுகிறார்கள். அதே அளவை முதலாளி போடுகிறார். போதகருக்கு முதலாளி இல்லை என்பதால் 15.3 வீதத்தையும் அவரே கட்டவேண்டும். திருச்சபையின் கையை வரியிலிருந்து காப்பாற்றிய மரியாதை, போதகரின் சட்டைப் பையில் போய் இறங்கியது.

மூன்று குதிரைகள்

இனி மற்றப் பக்கம். உள்ளே வா என்று கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றவர்கள்.

பென்சில்வேனியாவிலும் ஒஹாயோவிலும் வாழும் ஆமிஷ் மக்கள் காப்புறுதியே எடுப்பதில்லை. முதியவர்களைக் குடும்பமும் சபையும் பார்ப்பது கடவுள் கொடுத்த கடமை; அதை அரசாங்கத்திடம் ஒப்படைப்பது விசுவாசக் குறைவு என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருவருடைய களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடி மறுபடி கட்டிக் கொடுக்கும். 1955 தொடக்கம் சுயதொழில் விவசாயிகளுக்கும் இந்த வரி வந்தபோது பலர் கட்ட மறுத்தார்கள்.

1961 வசந்த காலத்தில், பென்சில்வேனியாவில் வலன்டைன் பைலர் என்ற ஆமிஷ் விவசாயி வயலை உழுதுகொண்டிருந்தார். வரி அதிகாரிகள் வந்து அவருடைய மூன்று குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஏலத்தில் 460 டொலர் வந்தது. நிலுவை வரி 308 டொலர் 96 சதம். செலவு என்று இன்னும் 113 டொலர் 15 சதத்தைக் கழித்துவிட்டு, மீதி 37 டொலர் 89 சதத்தை அவருக்கு அனுப்பினார்கள். விதைப்புக் காலத்தில் உழவனின் குதிரையைப் பிடித்தார்கள் என்ற செய்தி நாடு முழுக்கப் பரவியது. வரித் திணைக்களத்தின் பெயர் நாறிப்போனது.

நாலு வருடத்தில் தீர்வு வந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. 1950ஆம் ஆண்டின் முடிவிலிருந்து தொடர்ச்சியாக இயங்கி, தன் மக்களைத் தானே பராமரித்துவரும், காப்புறுதியை எதிர்க்கும் மதப்பிரிவைச் சேர்ந்த சுயதொழில் செய்பவர் விலகலாம். நிபந்தனை: எல்லாச் சலுகைகளையும் கைவிடவேண்டும். வரியும் இல்லை, பென்சனும் இல்லை.

ஆனால் மனச்சாட்சிக்கும் எல்லை உண்டு என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆட்களை வைத்து வேலை வாங்கிய லீ என்ற ஆமிஷ் முதலாளி, அவர்களுக்கான வரியைக் கட்ட மறுத்த வழக்கு அது. நீ உனக்காக விலகலாம். முதலாளியாக நின்றுகொண்டு உன் நம்பிக்கையை உன் ஊழியர்மேல் சுமத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பிறகு 1988இல், முதலாளி தொழிலாளி இருவரும் ஒரே நம்பிக்கையைச் சேர்ந்தவர்களாக இருந்தால் விலகலாம் என்று காங்கிரஸ் இடம் கொடுத்தது.

ஆஸ்பத்திரிக் கதவு

ஆமிஷ் மக்களுக்கு விலக்குக் கொடுத்த அதே 1965ஆம் ஆண்டுச் சட்டம்தான் மெடிகெயாரையும் கொண்டுவந்தது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதி அது. ஜனாதிபதி ஜோன்சன் ஜூலை 30ஆம் திகதி மிசூரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகருக்குப் போய், அங்கே இருந்த முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனுக்குப் பக்கத்தில் அமர்ந்து கையெழுத்திட்டார். இருபது வருடத்துக்கு முன்னால் இப்படியொரு திட்டத்துக்காகப் போராடித் தோற்றவர் ட்ரூமன். முதலாவது அட்டையை அவரிடமே கொடுத்தார்கள்.

1966 ஜூலை முதலாம் திகதி திட்டம் தொடங்கியது. அதற்கு முன்னால் அரசாங்கம் ஒரு நிபந்தனை வைத்தது: கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து வைக்கும் ஆஸ்பத்திரிக்கு மெடிகெயார் பணம் கிடையாது. ஒரு சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் பிரிவினையைக் கைவிட்டன. முப்பது வருடத்துக்கு முன்னால் ஓட்டை வைத்த சட்டம், இப்போது வேறொரு சுவரை உடைக்கக் கருவியானது. ஒரே சட்டத்தின் கதையில் இரண்டும் இருக்கின்றன.

இங்கேதான் போதகர்களின் கதை சிக்கலாகிறது. 1968 தொடக்கம் விதி தலைகீழாக மாறியது. அதுவரை சேர விரும்பியவர் விண்ணப்பிக்கவேண்டும். இனி எல்லாப் போதகர்களும் தானாகவே உள்ளே, விலக விரும்பியவர்தான் விண்ணப்பிக்கவேண்டும். பொதுக் காப்புறுதியை மனச்சாட்சியாலோ மதக் கொள்கையாலோ எதிர்க்கிறேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். பணம் மிச்சம் பிடிப்பது காரணமாக இருக்கக்கூடாது. போதகப் பணியில் வருமானம் வரத் தொடங்கிய முதல் இரண்டு வருடக் கணக்குக்குள் முடிவெடுக்கவேண்டும். எடுத்தால் எடுத்ததுதான்; திரும்பி வர வழியில்லை.

யோசித்துப் பாருங்கோ. இருபத்தைந்து வயது, புதிதாக அபிஷேகம் பெற்றவர், சின்னச் சம்பளம், அதில் 15.3 வீதம் வரி. ஒரு கையெழுத்துப் போட்டால் அது நின்றுவிடும். அவர் விலகுவது பென்சனிலிருந்து மட்டுமல்ல. ஆஸ்பத்திரிச் செலவுக்கான மெடிகெயார் பகுதியைக் கட்டணமில்லாமல் பெற, வரி கட்டி வேலை செய்த நாற்பது காலாண்டுகள், அதாவது பத்து வருடங்கள், கணக்கில் இருக்கவேண்டும். வேறு வேலை செய்திராவிட்டால், வாழ்க்கைத் துணையின் கணக்கும் இல்லாவிட்டால், அந்தப் போதகர் அறுபத்தைந்தாவது வயதில் ஆஸ்பத்திரி வாசலில் வெறுங்கையோடு நிற்பார். இருபத்தைந்து வயதுக்காரர் எழுபது வயதுக்காரருக்காக எடுத்த முடிவு அது.

பலர் வருந்தியிருக்கவேண்டும். ஏனென்றால் 1977, 1986, 1999 என்று மூன்று தடவை, மனம் மாறியவர்கள் திரும்பி வரலாம் என்று காங்கிரஸ் தற்காலிகமாகக் கதவைத் திறந்துவிட்டது. மனச்சாட்சியின் பேரில் மட்டுமே எல்லோரும் வெளியே போயிருந்தால் இந்தக் கதவுக்கு இத்தனை தடவை வேலை இருந்திருக்காது.

சம்பளமே வாங்காதவர்கள்

போதகருக்காவது சம்பளம் இருந்தது. வறுமை வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியாஸ்திரிகளுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவின் கத்தோலிக்கப் பாடசாலைகளையும் ஆஸ்பத்திரிகளையும் கட்டி நடத்தியவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். கிடைத்த சிறு தொகையும் சபைக்குப் போகும். வயதானால் இளைய சகோதரிகள் பார்ப்பார்கள் என்பதுதான் ஏற்பாடு. ஆமிஷ் ஊரைப்போலவே அதுவும் ஒரு கூட்டு வாழ்க்கை.

1960களுக்குப் பிறகு இளைய சகோதரிகள் வருவது குறைந்துபோனது. மடங்களில் பார்க்கப்படவேண்டியவர்கள் கூடினார்கள், பார்ப்பவர்கள் குறைந்தார்கள். 1972இல் சட்டம் அவர்களுக்கும் இடம் கொடுத்தது: ஒரு சபை விரும்பினால் முழுச் சபையாகச் சேரலாம். சம்பளம் இல்லாதவரின் 'சம்பளத்தை' எப்படிக் கணக்கிடுவது? அவர் உண்ணும் உணவு, தங்கும் அறை, உடுக்கும் உடை ஆகியவற்றின் பெறுமதிதான் சம்பளம் என்று வைத்தார்கள். குறைந்தது மாதம் 100 டொலர். கணக்கு அப்படியென்றால் பென்சனும் அப்படித்தான், மிகச் சிறியது. 1988இல் அமெரிக்க ஆயர்கள், வயதான துறவிகளுக்காக நாடு முழுவதும் ஆலயங்களில் வருடாந்தக் காணிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். ஐம்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த சகோதரிகளுக்காக உண்டியல் சுற்றி வந்தது.

திரும்பவும் எங்கள் கேள்விக்கு

1984 தொடக்கம் தரும நிறுவன ஊழியர்களையும் கட்டாயமாகச் சேர்த்தார்கள். ஐம்பது வருடத்தில் பெரும்பாலான ஓட்டைகள் அடைபட்டன.

இந்தக் கதையை வாசித்து முடித்தபோது எங்களுக்கு ஒரு விஷயம் துலக்கமானது. வெளியே நிற்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆமிஷ் விவசாயி தன் விருப்பத்தோடு வெளியே நின்றார். அவருக்குப் பின்னால் களஞ்சியம் கட்டிக் கொடுக்கும் ஒரு ஊர் இருந்தது. பருத்தி வயல் கூலியிடம் யாரும் கேட்கவே இல்லை. கன்னியாஸ்திரிக்குப் பின்னால் ஒரு ஊர் இருந்தது, ஆனால் அந்த ஊரே வயதாகிப்போனது. சமூகம் பார்க்கும் என்பது நல்ல வார்த்தைதான். அந்தச் சமூகம் இன்னும் நாற்பது வருடத்தில் இருக்குமா என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

இலங்கையின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஊழியர் எட்டு வீதம், முதலாளி பன்னிரண்டு வீதம். தோட்டத் தொழிலாளர்கள் அதற்குள் இருக்கிறார்கள். அமெரிக்கா 1935இல் செய்த தவறை நாங்கள் அந்த இடத்தில் செய்யவில்லை. ஆனால் அந்தச் சட்டம் வீட்டு வேலையை வெளியே விட்டது. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தரும நிறுவனங்களையும் விட்டது. மலையகத்திலிருந்து சின்ன வயதிலேயே கொழும்பு வீடுகளுக்கு வந்த எத்தனை அக்காமார், எத்தனை அம்மாமார் அந்த முதல் ஓட்டைக்குள்ளால் விழுந்திருப்பார்கள்? அவர்களிடம் யாரும் விருப்பப் படிவம் நீட்டவில்லை.

எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில், நீ எத்தனை காலாண்டு வரி கட்டினாய் என்று வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை. கியூவும் மருந்துத் தட்டுப்பாடும் ஆயிரம் இருந்தாலும் இது பெரிய விஷயம் என்பது மெடிகெயாரின் கதையை வாசித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மருந்துக்குத் தொழிலாளி என்ற அடையாளம் தேவையில்லை என்று இந்த நாடு ஒருகாலத்தில் முடிவெடுத்தது. முதுமைக்கு மட்டும் அந்த அடையாளத்தை ஏன் கேட்கிறோம்?

அந்தத் தங்கச்சியிடம் அடுத்த சந்திப்புக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். அவளுடைய வீட்டில் பாத்திரம் கழுவ வரும் அக்காவிடம், வயதானால் என்ன செய்வதாக யோசித்திருக்கிறீர்கள் என்று கேட்டு வரவேண்டும். எங்கள் ஒவ்வொருவருக்கும் அதே வேலைதான். கோயில் ஐயாவிடமும் ஃபாதரிடமும் கேட்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்களும் உங்கள் பக்கத்தில் ஒருவரிடம் கேளுங்கள். அமெரிக்காவில் சல்லடையின் ஓட்டைகளை முதலில் எண்ணிச் சொன்னது அரசாங்கம் அல்ல.